மெழுகுவர்த்தியும் நம் திருநாள்களும்



கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு, ஆண்டு முழுவதும் ஏதாவதொரு திருநாளில் மெழுகுவர்த்தி தேவைப்படுகிறது. சீனப் புத்தாண்டில் சிவப்பு மெழுகுவர்த்தி. ஈஸ்டருக்கு முந்திய இரவில் தேவாலயத்தில் பாஸ்கா மெழுகுவர்த்தி. மே மாத வாக்கில் விசாக தினம். சீனரின் எட்டாம் மாதத்து முழுநிலவில் பிள்ளைகள் ஏந்தும் காகிதத் தங்லுங். பிறகு நமது தீபாவளி, நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள், கார்த்திகைத் தீபம், கிறிஸ்துமஸ். ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும் நோன்புப் பெருநாளுக்கோ, மலாய்க் கம்பத்து முற்றங்களில் பெலித்தா வரிசை. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அகல்விளக்குத்தான் மரபு. ஆனாலும், திரி போட்டு எண்ணெய் ஊற்ற நேரமில்லாத வீடுகளில் அந்த இடத்தை மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டது.

ஒரு தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வலக் கையில் கட்டுடன் வந்தாள். லயத்து வீட்டு வாசற்படியில், பிளாஸ்டிக் மூடியின்மேல் மெழுகுவர்த்தியை ஒட்டி வைத்திருக்கிறார்கள். மூடி உருகி, மெழுகுவர்த்தி சாய்ந்தது. பிடிக்கப்போன பிள்ளையின் கையில் சுடுமெழுகு கொட்டிவிட்டது. பாட்டி பதறிப்போய்ப் பற்பசையைத் தடவினார். அன்பினால் செய்ததுதான், ஆனால் மருந்தகத்தில் முதலில் அந்தப் பற்பசையைக் கழுவி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வேதனையைத்தான் பிள்ளை எங்களிடம் சொல்லி அழுதாள். பல வாரம் அவளால் பென்சில் பிடிக்க முடியவில்லை. வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொடுத்த நாங்கள், விளக்கேற்றக் கற்றுக்கொடுக்கவில்லையே என்று வெட்கப்பட்டோம்.

அதன் பிறகு, மெழுகுவர்த்தியையே பாடமாக்கினோம். இது புதிய வழக்கமன்று. லண்டனில் மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானி, 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், இளையோருக்கு மெழுகுவர்த்தியைப் பற்றியே ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். திரி மட்டும் எரிவதில்லை. சூட்டில் மெழுகு உருகித் திரியில் ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. சுடரை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையருகே ஆசிரியர் தீக்குச்சியைக் காட்டினால், சுடர் தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். அணைந்த நெருப்பும் உடனே அடங்கிவிடுவதில்லை என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்கிறார்கள்.

ஆகவே பெற்றோரே, மண் நிரப்பிய தகரத்திலோ பீங்கான் தட்டிலோ மெழுகுவர்த்தியை நிறுத்துங்கள். திரைச்சீலையும் நைலான் பாவாடையும் எட்டவே இருக்கட்டும். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் எரியவிடாதீர்கள், உறங்கப்போகுமுன் அணைத்துவிடுங்கள். சுட்டுவிட்டால், ஓடும் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப், எண்ணெய் எதுவும் வேண்டாம். தோலில் ஒட்டிய மெழுகைப் பிய்க்காமல் மருந்தகத்திற்குக் கொண்டுசெல்லுங்கள்.

இந்தப் பாடத்தில் பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி ஒன்றுண்டு. மெழுகுவர்த்தி எதனால் ஆனது என்று கேட்டோம். பெட்ரோலிய எண்ணெயிலிருந்து கிடைக்கும் பாரபின் மெழுகே கடைகளில் மிகுதி. ஆயினும், செம்பனை எண்ணெயின் கெட்டியான பகுதியிலிருந்தும் மெழுகுவர்த்தி செய்கிறார்கள். இந்நாட்டில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது எங்கே? 1917ஆம் ஆண்டு, ஹென்றி பொகோனியே என்ற பிரெஞ்சுக்காரரால், நம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்! அன்று பத்தாங் பெர்ஜுந்தை. இன்று அவ்வூரின் பெயர் பெஸ்தாரி ஜெயா.

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் தலைகுனியும் மாணவன் ஒருவன் இருந்தான். அன்று அவனே எழுந்து, "எங்கள் அப்பா குலை வெட்டுகிறார், சார்" என்றான்.

நேயர்களே, எந்தத் திருநாளுக்கு நாம் ஏற்றினாலும், அந்தச் சுடருக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் கை இருக்கிறது. அதை ஏற்றும் பிள்ளையின் கையும் சுடாமல் இருக்கட்டும். வரும் திருநாளுக்கு முன், ஒரு மாலை உங்கள் பிள்ளையுடன் அமர்ந்து, ஏற்றவும் அணைக்கவும் கற்றுக்கொடுங்கள்.