திரை கிழிந்தது, வழி திறந்தது
(சபையின் ஆண்டு நிறைவு ஆராதனையில் வழங்கிய செய்தி)



நம்மில் பெரியவர்கள் பலர் ஜேர்மனிக்கு வந்த புதிதில் வதிவிட அனுமதிக்காக அதிகாலையிலேயே வரிசையில் நின்றவர்கள். கதவுக்கு வெளியே காத்து நிற்பது எப்படியென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இஸ்ரவேல் மக்களும் ஒரு திரைக்கு வெளியே நின்றார்கள். நீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல்களோடு மெல்லிய பஞ்சுநூலும் சேர்த்து, கேருபீன்களோடு நெய்த திரை அது என்று யாத்திராகமம் 26-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதற்கு அப்பால் மகா பரிசுத்த ஸ்தலம். பிரதான ஆசாரியன் மட்டும், வருடத்தில் ஒரு நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதியில் அங்கே போவான். குளித்து, சணல்நூல் அங்கி தரித்து, தூபத்தோடும் பலியின் இரத்தத்தோடும் போவான். தன் பாவத்துக்காக முதலில் ஒரு காளை, மக்களின் பாவத்துக்காக ஒரு வெள்ளாட்டுக்கடா.

பிள்ளைகளே, அவன் காலில் கயிறு கட்டியிருந்தார்கள் என்று ஒரு கதை கேட்டிருப்பீர்கள். அது வேதத்தில் இல்லை. ஆனால் பயம் உண்மையானது. லேவியராகமம் 16-ஆம் அதிகாரம் ஆரோனின் இரண்டு குமாரர் மரித்ததை நினைவூட்டித்தான் தொடங்குகிறது.

பிற்காலத்தில் எருசலேம் தேவாலயத்தில் இன்னொரு தடுப்பும் இருந்தது. அந்நியர் இதைத் தாண்டினால் தங்கள் மரணத்துக்குத் தாங்களே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் கல்லொன்று 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழராகிய நாம் அங்கே போயிருந்தால், திரைக்கு அருகே அல்ல, அந்தக் கல்லோடேயே நின்றிருப்போம்.

இயேசு சிலுவையில் ஜீவனை விட்டபோது தேவாலயத் திரை மேலிருந்து கீழாகக் கிழிந்தது. மனிதன் கிழித்திருந்தால் கீழிருந்துதான் தொடங்கியிருப்பான். பிதாவே வழியைத் திறந்தார். அவருடைய குமாரனின் இரத்தத்தால் நாம் தைரியமாய் உள்ளே பிரவேசிக்கலாம் என்று எபிரெயர் 10-ஆம் அதிகாரம் போதிக்கிறது. யூதனுக்கும் அந்நியனுக்கும் இப்போது ஒரே வாசல்.

நான் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். ஒருநாள் இரவு, நம்முடைய தாய் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, நீ எனக்காகக் கேளம்மா. நான் கோயிலுக்குப் போய்க் கனகாலம். என்ர சொல்லை ஆண்டவர் கேட்க மாட்டார்" என்றார்.

"அம்மா, நீங்களே கேளுங்கோ. நான் பக்கத்தில நிற்கிறன்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "ஆண்டவரே" என்றார். அதற்குமேல் அழுகைதான் வந்தது. அந்த ஒரு சொல்லுக்கும் கிருபாசனத்தில் இடம் உண்டு என்று நான் விசுவாசிக்கிறேன்.

அன்பானவர்களே, தேவன் கிழித்த திரையை நாம் மறுபடியும் தைத்துத் தொங்கவிடக் கூடாது. போதகர் ஜெபித்தால்தான் கேட்கப்படும் என்று எண்ணுவது ஒரு தையல். ஞாயிறு வேலை காரணமாக வர முடியாதவரைத் தூரத்தவராகப் பார்ப்பது இன்னொரு தையல். வேதாகமத் தமிழ் வராது என்று வெட்கப்பட்டு நம் பிள்ளைகள் ஜெபக்கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்தால், அந்தத் திரையை மாட்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

பிள்ளைகளே, தமிழிலும் ஜெபியுங்கள், ஜேர்மன் மொழியிலும் ஜெபியுங்கள். இரண்டையும் கலந்தும் ஜெபியுங்கள். பரீட்சைக்கு முன்னும், சண்டை பிடித்த பின்னும் போங்கள்.

ஆனால் ஒன்றை மறவாதிருங்கள். வாசல் இலவசமாய்த் திறந்திருக்கிறது. அதைத் திறந்தவர் தம் உயிரையே கொடுத்தார். ஆகவே உண்மையுள்ள இருதயத்தோடு உள்ளே போவோம். வெளியே தயங்கி நிற்பவர் யாராவது இருந்தால், அவரையும் கைபிடித்து அழைத்துச் செல்வோம்.

கர்த்தர் நம் சபையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.