கருவிக்குக் குலம் இல்லை!

(மணலியில் கழகப் படிப்பகத்தின் இசை வகுப்பைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரை)



படிப்பகம் என்றால் ஏடு இருக்கும், இதழ் இருக்கும், காரசாரமான அரசியல் வாதமும் இருக்கும். இன்று முதல் இந்தப் படிப்பகத்தில் இசையும் இருக்கப்போகிறது. மகிழ்ச்சி! ஆனால், வகுப்புத் தொடங்குமுன்பே வாதம் தொடங்கிவிட்டது என்று சொன்னார்கள். பிள்ளைகளுக்கு எந்தக் கருவியைக் கற்பிப்பது என்பதுதான் வாதம். “பறைதான் நம் கருவி, அது போதும்” என்கின்றனர் ஒரு சாரார். “பறையைக் கையில் கொடுப்பதற்காகவா பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்? வயலின் கற்கட்டும், நாலு பேர் மதிப்பார்கள்” என்கின்றனர் மற்றொரு சாரார். “மதிப்பு இருக்கட்டும், பிழைப்பு வேண்டாமா? கீபோர்டு கற்றால் கச்சேரிக்குப் போகலாம்” என்கின்றனர் இன்னும் சிலர்.

இது வீட்டுச் சங்கதி, இதிலே கழகத்துக்கு என்ன வேலை என்று எண்ணிவிடாதீர்கள். எவன் எதைக் கற்கலாம், எவள் எதைத் தொடலாகாது என்று வகுத்து வைத்ததுதானே இந்த நாட்டின் பழைய அரசியல்! அந்த வகுப்பை உடைக்கப் பிறந்ததல்லவா நமது அரசியல்! ஆகவே இந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும்.

மணலிக்கு வந்த பிடில்

விடையைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் எழுந்து நிற்கும் இதே மணலியில்தான், இந்த நாட்டு இசை வரலாற்றின் பெரியதொரு நிகழ்ச்சி நடந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. இங்கே முத்துக்கிருஷ்ண முதலியார் என்றொரு செல்வர் இருந்தார். கிழக்கிந்தியக் கும்பினியாருக்குத் துபாஷாக இருந்து பொருள் ஈட்டியவர். இராமசாமி தீட்சிதர் என்னும் இசைவாணரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து வந்து ஆதரித்தார். அந்த இராமசாமி தீட்சிதரின் மக்களில் ஒருவர்தான் இன்று சபைகள்தோறும் போற்றப்படும் முத்துசாமி தீட்சிதர். இளைய மகன் ஒருவர் இருந்தார், பெயர் பாலுசாமி, 1786இல் பிறந்தவர்.

கோட்டையிலே வெள்ளையரின் பேண்டு முழங்கும். முதலியாருக்குப் பின் வந்த அவர் மகன், தீட்சிதர் பிள்ளைகளை அதைக் கேட்க அழைத்துப் போவார். மூத்தவர் அந்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சொல் அமைத்தார். நோட்டுசுரம் என்று இன்றும் பாடுகிறார்கள். அவற்றுள் ஒன்று, ஆங்கில மன்னரின் வாழ்த்துப் பாட்டு மெட்டிலேயே அமைந்தது! இளையவர் பாலுசாமியோ, மெட்டைவிட அந்தக் கருவியின் மீது காதல் கொண்டார். ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, அவரிடம் மூன்றாண்டுக் காலம் பிடில் பயில ஏற்பாடு செய்தது முதலியார் குடும்பம். கற்ற பாலுசாமி, நம் இராகங்களை அதிலே இசைத்துக் காட்டினார். பின்னாளில் எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக விளங்கினார்.

எண்ணிப் பாருங்கள்! பிடில் எந்த ஆகமத்திலும் சொல்லப்பட்டதல்ல. கடல் கடந்து வந்த அந்நியக் கருவி. ஐரோப்பியர் அதை முகவாய்க்கும் தோளுக்கும் இடையே வைத்து வாசிப்பர். நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் நுனியைக் கணுக்கால் அருகே ஊன்றி வாசித்தனர். தந்திகளுக்குச் சுருதி கூட்டும் முறையையும் மாற்றினர். நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று அமைத்துக்கொண்டனர். அதன் கழுத்தில் மெட்டுகள் இல்லை. விரலை வழுக்கிச் செல்லலாம். ஆதலால் குரல் குழையும் இடமெல்லாம் அதுவும் குழைந்தது. அந்நியக் கருவி அவையேறிவிட்டது! இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரி அரிது.

அப்படியானால், “இந்தக் கருவி நமக்குரியதன்று” என்ற தடை எங்கே போயிற்று? சாத்திரம் என்ன ஆயிற்று? செல்வமும் செல்வாக்கும் உயர்ந்த பிறப்பும் ஒன்று சேர்ந்து ஒரு கருவியை விரும்பினால், சாத்திரம் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். தோழர்களே, மணலி கற்பிக்கும் முதல் பாடம் இது!

துண்டும் தோளும்

இனி மற்றொரு காட்சியைப் பாருங்கள். நாதசுரம் மங்கல வாத்தியம், அது முழங்காமல் தாலி ஏறாது, தேர் நகராது. அதை ஊதியவரின் நிலை என்ன? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து நாதசுரம் வாசித்து வருகிறார். தோளிலே துண்டு. மேட்டுக்குடியினர் சீறினர்: ‘துண்டை எடு!’ உடன் சென்ற சுயமரியாதை வீரர் பட்டுக்கோட்டை அழகிரி தடுத்து நின்றார். ‘துண்டை எடுக்காதே, வாசி!’ என்றார். கருவி மங்கலமாம், கலைஞனின் தோள் தாழ்ந்ததாம்! இந்தப் புரட்டை அந்த ஒரு துண்டு கிழித்தெறிந்தது.

பின்னர் வந்தார் திருவாவடுதுறை இராசரத்தினம் (1898–1956). குடுமியைக் களைந்து கிராப்பு வைத்தார். நாதசுரக் கலைஞர்கள் கண்டிராத செருக்கோடு அவையில் அமர்ந்தார். 1947 ஆகஸ்டு 14 இரவு, தில்லியில் விடுதலை விழாவில் ஒலித்தது அவரது நாதசுரமே. துண்டுக்கு நடந்த போரின் தொடர்ச்சி அது.

மிருதங்கத்தைப் பாருங்கள். அவையின் நடுவே வீற்றிருக்கும் அந்தக் கருவியில் மாட்டுத் தோல் உண்டு. ஆட்டுத் தோல் உண்டு. எருமைத் தோலும் உண்டு. தோலை உரித்து, பதப்படுத்தி, வார் பிடித்து, நாதம் வரச் செய்யும் கைகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களின் கைகள். அக்கைகளின் கதையை டி.எம்.கிருஷ்ணா நூலாக எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குத் தந்திருந்த இடத்தைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. கருவி மேடைக்கு வரலாம். அதைச் செய்தவனின் கதை மேடைக்கு வரலாகாதா? “இசைக்கு ஏது சாதி?” என்று இனிக்க இனிக்கப் பேசுவோர் இதற்கு விடை கூறட்டும்!

குலக்கல்வியும் குலக்கருவியும்

1953இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சியில் ஒரு திட்டம் வந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கட்டும்; மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது அது. குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் சூட்டி நாடு கொதித்தெழுந்தது. 1954இல் இராசாசி பதவி விலகினார்; காமராசர் முதலமைச்சரானார்; திட்டம் கைவிடப்பட்டது.

குலக்கல்வியை வீழ்த்தினோம். ஆனால் குலக்கருவி? இன்னாருக்குப் பறை, இன்னாருக்குத் தவில், இன்னாருக்கு வீணை என்ற எழுதாச் சட்டம் முழுதும் வீழ்ந்துவிட்டதா? இல்லையே! ஆகவேதான் இன்றைய வாதத்தில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: குலக்கருவி வேண்டாம், விருப்பக்கருவி வேண்டும். பிறப்பு திணித்த கருவியை மறுக்கும் உரிமையும், பிறப்பு மறுத்த கருவியை எடுக்கும் உரிமையும் ஒருங்கே வேண்டும்.

மறுத்த பறையும் எடுத்த பறையும்

பறையை எடுத்துக்கொள்வோம். தென்னார்க்காட்டில் தலைவர் எல்.இளையபெருமாள் (1924–2005), சாவுக்கும் திருவிழாவுக்கும் கட்டாயமாகப் பறை அடிக்கும் வழக்கத்தை எதிர்த்து இயக்கம் நடத்தினார். இழிவைச் சுமக்க மாட்டோம் என்று மக்கள் பறையைக் கைவிட்டனர். அது கலையின்மீது கொண்ட பகையா? அன்று! அடிமைத்தனத்தின்மீது கொண்ட பகை.

அதே பறை இன்று எங்கே ஒலிக்கிறது? கல்லூரி வாயிலில் ஒலிக்கிறது. உழைப்பாளர் பேரணியில் ஒலிக்கிறது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறை ஏந்தி ஆடுகின்றனர். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில், ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. வடசென்னையின் கானாவும், சட்டியும், கட்டா மோளமும், பறையும் கித்தாரோடு சேர்ந்து ஒரே மேடையில் ஒலித்தன.

மறுத்தவர் தவறா? எடுத்தவர் தவறா? இருவருமே சரி! அங்கே பறை ஏவல். இங்கே பறை விருப்பம். கருவி ஒன்றே, ஏந்தும் கையின் விடுதலைதான் வேறுபாடு.

ஆகவே, “பறைதான் நம் கருவி, அது போதும்” என்னும் தோழருக்குச் சொல்கிறேன்: உங்கள் பெருமித உணர்வை மதிக்கிறேன். ஆனால் “போதும்” என்று ஒரு குழந்தையிடம் சொல்லும் உரிமை பழைமைவாதிக்கும் இல்லை; நமக்கும் இல்லை. “பறையைக் கொடுக்கவா படிக்க வைக்கிறோம்” என்னும் தாய்க்குச் சொல்கிறேன்: உங்கள் நெஞ்சின் வடு எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் மகளே விரும்பிப் பறையைக் கேட்டால், அதை இழிவென்று தடுக்காதீர்கள்; இழிவு கருவியில் இல்லை. கீபோர்டு கேட்கும் தோழருக்கும் சொல்கிறேன்: பிழைப்பு இழிவன்று; அதுவும் இருக்கட்டும். அதன் மூத்த உறவான ஆர்மோனியத்தை, கமகத்துக்கு ஒவ்வாதென்று கூறி 1940இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. வானொலி விலக்கிய கருவியை மக்கள் விலக்கவில்லை. நாடகக் கொட்டகையும் பசனை மடமும் அதைக் காத்தன.

பிறவி வகுத்த கோட்டைத் தாண்டியவர்கள் இசையை வளர்த்தார்களே ஒழிய, கெடுக்கவில்லை. நாதசுரக்காரரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத் (1949–2019), மைசூர் அரண்மனைப் பேண்டில் கேட்ட சாக்சபோனைத் தழுவினார். அதிலே கருநாடக இசையைப் பொழிந்தார். திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999), கோயில் நாதசுரத்தை உலகமெங்கும் ஒலிக்கச் செய்தார். ஆண்களுக்கென்றே ஒதுக்கி வைத்த நாதசுரத்தை மதுரை பொன்னுத்தாய் கையில் எடுத்தார். இவர்களால் இசை செத்தா போயிற்று? செழித்தது!

எப்படித் தேர்வது?

பெற்றோருக்குச் சில சொற்கள். முதல் நாளே கருவி வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். வகுப்பில் உள்ள கருவிகளைப் பிள்ளை சில வாரம் தொட்டுப் பார்க்கட்டும், தட்டிப் பார்க்கட்டும். எந்தக் கருவியிடம் யாரும் அழைக்காமலே திரும்பி வருகிறதோ, அதுவே அதன் கருவி.

ஒவ்வொரு கருவியும் ஒன்றைக் கேட்கும். வயலின் பொறுமையைக் கேட்கும். சுரத்தின் இடத்தைச் செவிதான் காட்டவேண்டும் என்பதால், தொடக்க மாதங்களில் ஒலி கரகரக்கும். பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள். சிறு கைகளுக்கென்றே அரை அளவிலும் முக்கால் அளவிலும் வயலின்கள் உண்டு. பெரியவர் வயலினைத் திணிக்காதீர்கள். பறை தீயைக் கேட்கும். காய்ச்சினால்தான் தோல் இறுகும், நாதம் எழும். அது இடத்தையும் கேட்கும். இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளி அடுத்த வீட்டில் இருக்கிறார். அவர் உறக்கம் கெடாத நேரத்தையும் திடலையும் தேர்ந்து பழகுங்கள்.

நாதசுரம் மூச்சைக் கேட்கும். இங்கேதான், தோழர்களே, இசை வகுப்பு அரசியல் வகுப்பாகிறது! மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் தொழிற்பகுதிகளை ஆராய்ந்து பட்டியலிட்டபோது, மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் ஒன்றாக மணலியைக் குறித்தது. மூச்சுக் கருவி கற்க விரும்பும் மணலிப் பிள்ளைக்குச் சீவாளி வேண்டும், ஆசிரியர் வேண்டும். அவற்றுக்கெல்லாம் முன்பாக நல்ல காற்று வேண்டும்! சுத்தமான காற்றைக் கேட்டுப் போராடுவதும் இசைத் தொண்டுதான்.

நம் கடமை

பாலுசாமிக்கு ஒரு முதலியார் இருந்தார், ஆசிரியரை அமர்த்தினார். இன்றைய மணலிப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்? சபைகள் தெற்கே மயிலாப்பூரில். அரசு இசைக் கல்லூரியும் தெற்கே, பசுமைவழிச் சாலையில். ஆலைகளும் சரக்குப் பெட்டக லாரிகளும் வடக்கே! உழைப்பு வடக்குக்கு, இசை தெற்குக்கு என்ற இந்தப் பங்கீட்டை நாம் ஒப்ப முடியுமா?

வள்ளலின் கருணைக்குக் காத்திருந்த காலம் போயிற்று. இது மக்களாட்சிக் காலம். அன்று முதலியார் செய்ததை இன்று அரசும் அமைப்பும் செய்ய வேண்டும். வடசென்னையின் ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளியிலும் இசை ஆசிரியர் வேண்டும் என்று கேளுங்கள். வார்டு கூட்டத்தில் கேளுங்கள். மனுக் கொடுத்துக் கேளுங்கள். அந்தப் பள்ளியின் அறையில் வயலினும் இருக்கட்டும், பறையும் இருக்கட்டும். ஒரே பலகையின்மீது, ஒரே உயரத்தில் இருக்கட்டும். அதுவரை இந்தப் படிப்பகம் இயன்றதைச் செய்யட்டும். ஆளுக்கொரு சிறு தொகை தாருங்கள். வீட்டில் பழுதாகிக் கிடக்கும் கருவியைக் கொண்டுவாருங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாரம் ஒரு மாலைப்பொழுதைத் தாருங்கள்.

தமிழ் இசை இயக்கம் 1940களில் ஒரு கேள்வியை எழுப்பியது: தமிழன் எந்த மொழியில் பாடுவது? 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. தமிழ்ப் பாட்டு மேடையேறியது. இன்று நாம் எழுப்பும் கேள்வி அதன் தொடர்ச்சி: தமிழ்க் குழந்தை எந்தக் கருவியை ஏந்துவது? அதற்கு விடை சொல்லும் அதிகாரம் சாதிக்கு இல்லை, பணத்துக்கு இல்லை, தலைவனுக்கும் இல்லை. அந்தக் குழந்தைக்கே உண்டு. அது கைநீட்டும் கருவியை அதன் கையில் வைப்பதே நம் வேலை.

வகுப்பு தொடங்கட்டும்!