சிறுநீரகம் மாற்றிய பிறகும் ஏன் பி.பி. மாத்திரை?

(நமது நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலூர் சி.எம்.சி.யில் 1971 முதலே சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது. ஆனாலும், "ஆபரேஷன்தான் முடிந்ததே, இன்னும் எதற்கு பி.பி. மாத்திரை?" என்று வீட்டில் உள்ளவர்களே கேட்கிறார்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு இரத்த அழுத்தம் இருக்கத்தான் செய்கிறது. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ், இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உப்பையும் உடலில் தேக்குகிறது. ஸ்டீராய்டும் அழுத்தத்தைக் கூட்டும். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது, அவையும் காரணமாகலாம்.

அதற்காக டாக்ரோலிமஸை நாமே நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடும். வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டிய மருந்து அது. சிப்காட்டில் ஷிஃப்ட் மாறும் வாரங்களில்தான் இது தவறுகிறது. எந்த ஷிஃப்டுக்கும் ஒத்துவரும் நேரமாக டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேண்டீன் சாப்பாட்டில் உப்பைக் குறைப்பது நம் கையில் இல்லை. ஊறுகாய், அப்பளத்தையாவது தள்ளி வைக்கலாம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-இல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து பி.பி. பார்க்கும் அருமையான திட்டம். ஆனால் வருபவரிடம், "எனக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது" என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். டில்டியாசெம் போன்ற சில பி.பி. மாத்திரைகள் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் இன்னும் மோசம். அழுத்தத்தையும் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அத்திப்பள்ளி நெரிசலில் சிக்கி, பெங்களூரு ஆஸ்பத்திரிக்குள் ஓடிப்போய் உட்கார்ந்ததும் பார்க்கும் பி.பி.யை மட்டும் நம்ப முடியாது. வீட்டில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, டயாலிசிஸுக்கு ஃபிஸ்துலா போட்ட கையை விட்டு மறு கையில் பாருங்கள். நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். பொதுவாக 130/80-க்குள் இருப்பது நல்லது.

இதுவரை கட்டுக்குள் இருந்த பி.பி. திடீரென ஏறினால், புதிய சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம், நிராகரிப்பும் தொடங்கியிருக்கலாம். கால் வீக்கம், சிறுநீர் குறைவு, காய்ச்சல் எது சேர்ந்தாலும் வார விடுமுறைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மாற்று சிகிச்சை செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள்.