கச்சேரி விமர்சனமும் உழைப்பாளி மக்களும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது பத்திரிகைகளில் வரும் சங்கீத விமர்சனமும் நாட்டிய விமர்சனமும். பஞ்சப்படியும் போனசும் கூலி நெல்லும் பேச வேண்டிய இடத்தில் இது எதற்கு என்று சில தோழர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மார்கழி பிறந்தால் சென்னையில் சபாவுக்குச் சபா கச்சேரி. பத்திரிகைகளில் அதற்கென்று தனிப் பக்கம். ஒரு ஓரத்தில் பட்டுப்புடவை விளம்பரம், இன்னொரு ஓரத்தில் நகைக்கடை விளம்பரம், நடுவே "தோடி சோபித்தது", "நிரவல் களைகட்டியது", "பக்கவாத்தியம் அனுசரணையாக இருந்தது" என்று சில வரிகள். நம் தோழர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். "இது நமக்கில்லை" என்று அவர் மனத்துக்குள் ஒரு தீர்ப்பு விழுந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் யார், அது சரியான தீர்ப்புதானா என்பதுதான் இன்றைய விஷயம்.

தெருவிலிருந்து டிக்கெட்டுக்கு

சங்கீத மும்மூர்த்திகள் என்று போற்றப்படும் சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர் மூவரும் பிறந்த ஊர் திருவாரூர். மூவரும் 18ம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள். அந்த ஒரே ஊரில், அந்த ஒரே காலத்தில் இப்படி நடந்ததற்குத் தெய்வ சங்கற்பம் என்று காரணம் சொல்வார்கள். நாம் காவிரிப் பாசனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரண்மனை வித்வானுக்குச் சம்பளம், கோயில் நாயனக்காரருக்கு மானியம், நட்டுவனாருக்கு மானியம், எல்லாவற்றுக்கும் ஆதாரம் நெல். தியாகராஜர் அரண்மனையை ஒதுக்கி உஞ்சவிருத்தி எடுத்தார் என்பார்கள். அந்த அரிசியும் வயலிலிருந்துதான் வந்தது. வயலில் இறங்கியவன் பண்ணையாள். அவனுக்குக் கிடைத்தது சாணிப்பாலும் சவுக்கடியும். 1940களில் செங்கொடி தஞ்சைக் கிராமங்களுக்குள் நுழைந்து போராடிய பிறகுதான் அந்தக் கொடுமை ஓய்ந்தது.

அந்த நாளில் நாதஸ்வரம் சுவாமி புறப்பாட்டில் விடிய விடிய ஒலித்தது. டிக்கெட் கிடையாது. வாசிப்பு சரியில்லை என்றால் கூடி நின்றவர்களே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தத் தெருவும் எல்லோருக்கும் திறந்த தெரு அல்ல. சேரிமக்கள் எட்ட நின்றுதான் கேட்க முடிந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939ல். சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947ல். அதுவரை கோயில் மண்டபத்தில் நடந்த இசைக்கும் ஆட்டத்துக்கும் நம்மில் பெரும்பகுதியினர் வெளியாட்கள்.

சமஸ்தானங்களின் செல்வம் குன்றியபோது கலைஞர்கள் சென்னைக்கு வந்தார்கள். அங்கே வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வியாபாரிகளும் சபாக்கள் அமைத்தார்கள். 1927ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது கூடவே ஒரு சங்கீத மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928ல் மியூசிக் அகாடமி பிறந்தது. இப்போது கச்சேரிக்கு டிக்கெட் வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கும் சரக்கு என்று ஆனதும் எது நயம், எது மட்டம் என்று சொல்ல ஒரு தராசு தேவைப்பட்டது. பத்திரிகை விமர்சனம் அந்தத் தராசாக வந்தது. தராசு யார் கையில் இருந்தது என்பதைப் பார்ப்போம்.

கல்கி செய்த காரியம்

நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. 1930களில் "ஆனந்த விகடன்" இதழில் "ஆடல் பாடல்" என்ற தலைப்பில் "கர்நாடகம்" என்ற புனைபெயரோடு விமர்சனம் எழுதினார் கல்கி கிருஷ்ணமூர்த்தி. சாஸ்திரம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த விஷயத்தை, வீட்டுத் திண்ணையில் பேசும் தமிழில், சிரிக்கச் சிரிக்க எழுதினார். வித்வான் முகத்தைக் கோணினால் அதையும் எழுதினார். சங்கீதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லச் சாதாரணத் தமிழ் போதும் என்று காட்டியது ஒரு ஜனநாயகக் காரியம்.

பிறகு தமிழிசை இயக்கம் வந்தது. 1941ல் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் மாநாடு கூடித் தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்று கேட்டது. 1943ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தெலுங்குக் கீர்த்தனைகள் கச்சேரியின் நடுநாயகமாக இருக்க, தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக ஒதுங்கி நின்ற காலம் அது. கல்கி தமிழிசையின் பக்கம் நின்று பேனா பிடித்தார். மறுபக்கத்தாரும் எழுதினார்கள். சண்டை பத்திரிகைகளில் பகிரங்கமாக நடந்தது. பாட்டின் மொழி என்பதே அரசியல் கேள்வி என்று மக்களுக்குப் புரிந்தது. இந்த இயக்கத்துக்குப் பணமும் தலைமையும் தந்தவர் செல்வச் சீமானான ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் என்பதையும் மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் கோரிக்கை நியாயமானது.

அடுத்த தலைமுறையில் பெயர் பெற்றவர் சுப்புடு. 1942ல் யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து வந்தவர். டில்லியில் சர்க்கார் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, 2007ல் காலமானார். பெரிய வித்வான்களையும் பயப்படாமல் குத்திக்காட்டினார். பயப்படாதது சரி. ஆனால் வாசகர்கள் பாட்டைக் காட்டிலும் குத்தலை ரசிக்கப் பழகிவிட்டார்கள். ஒரு கலைஞரின் பல வருஷ உழைப்பு ஒரு சிலேடையில் அடிபட்டுப் போகலாம் என்ற நிலைமை விமர்சனத்துக்குப் பெருமை தராது.

பெயர் இல்லாதவர்கள்

இப்போது நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருவோம். விமர்சனத்தில் பாடகர் பெயர் முதலில் வரும். பிடில்காரருக்கு ஒரு வரி. மிருதங்கக்காரருக்கு அரை வரி. மிருதங்கத்தைச் செய்தவருக்கு?

மிருதங்கத்தின் உடல் பலாமரம். அதன் தொப்பியில் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும், வலந்தலையில் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் இருக்கின்றன. இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். மாட்டுத்தோலைத் தேர்ந்து, உரோமம் நீக்கி, பதமாக வெட்டி, மூட்டி, வலந்தலையில் கரணையைப் படிப்படியாக ஏற்றிச் சுருதி கூட்டுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயர் வாசித்த மிருதங்கத்தின் நாதத்தைப் புகழ்ந்து எழுதாதவர் இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்து தந்த தஞ்சாவூர் பர்லாந்துவைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்? நாதம் தோலில் பிறக்கிறது. தோலுக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. அந்தக் கைக்குச் செவிகூட உண்டு. சுருதி சேர்ந்ததா என்று முதலில் தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான். அப்படிப் பார்த்தால் முதல் விமர்சகரும் அவரே.

2020ல் பாடகர் டி.எம்.கிருஷ்ணா "செபாஸ்டியன் அண்டு சன்ஸ்" என்ற புத்தகத்தில் இந்தத் தொழிலாளர்களின் பெயர்களையும் வரலாற்றையும் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கலாக்ஷேத்திரா முதலில் அரங்கு தர இசைந்தது. புத்தகத்தின் ஒரு பகுதி பத்திரிகையில் வந்ததும் அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. மாட்டுத்தோல் மேடை ஏறலாம், அதைப் பற்றிய பேச்சு ஏறக்கூடாது என்றால் இது என்ன நியாயம்?

நாதஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்கிறார்கள். சீவாளிக்கு ஆற்றங்கரை நாணல். அந்த ஊரின் ரங்கநாதன் ஆசாரி, திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையோடு கலந்து பாரி நாதஸ்வரத்தைச் செம்மைப்படுத்தினார். கலைஞனும் கைவினைஞனும் சேர்ந்து ஒரு வாத்தியத்தை வளர்த்தார்கள். 1956ல் மறைந்த ராஜரத்தினம் பிள்ளை நாயனக்காரனுக்கு மேடையில் சரியாசனம் வேண்டும் என்று நிமிர்ந்து நின்றவர். இன்றும் பெரும்பாலான சபாக்களில் நாதஸ்வரம் துவக்க நாளின் மங்கள இசையோடு சரி. மங்களத்துக்கு விமர்சனம் உண்டா? நம் தெருவில் அதிரும் பறைக்கு அந்த மங்கள இடமும் இல்லை.

நாட்டியத்தின் கதை

பரதநாட்டியம் என்று இன்று சொல்லப்படுவது முன்பு சதிர். ஆடியவர்கள் தேவதாசிப் பெண்கள். கோயிலும் மிராசுதாரும் சேர்ந்து அவர்கள் வாழ்க்கையைச் சூறையாடினார்கள். அந்தக் குலத்தின் துயரத்தை அனுபவித்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த முறையை எதிர்த்து ஊர் ஊராகப் போராடினார். 1936ல் நாவலும் எழுதினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார். 1932ல் முத்துலட்சுமி ரெட்டியும் இ.கிருஷ்ணய்யரும் பத்திரிகைகளில் எதிரெதிராக எழுதினார்கள். முறை ஒழிய வேண்டும் என்றார் ஒருவர். கலை அழியக்கூடாது என்றார் மற்றவர். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947ல் வந்தது.

முறை ஒழிந்தது. நல்லது. கலையும் பிழைத்தது. அதுவும் நல்லது. ஆனால் அந்தக் கலையைக் காத்து வந்த பெண்களில் பெரும்பாலோர் என்ன ஆனார்கள்? 1935 டிசம்பரில் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடினார். உயர்குடிப் பெண்கள் அதே கலையைக் கற்று மேடை ஏறினார்கள். பத்திரிகைகள் கலை "புனிதமாகிவிட்டது" என்ற தோரணையில் எழுதின. அப்படியென்றால் அதுவரை ஆடியவர்கள் அசுத்தமா? பாலசரஸ்வதி போன்ற மகாமேதை தன் திறமையால் நிலைத்து நின்றார். 1973ல் சங்கீத கலாநிதியும் ஆனார். மற்றவர்கள் பெயரில்லாமல் மறைந்தார்கள். இன்றைய அரங்கேற்ற விமர்சனங்களில் நகையும் புடவையும் வந்த பிரமுகர்களும் ஒரு பத்தி பிடிக்கிறார்கள். ஜதி சொல்லிக் கற்றுத் தந்த நட்டுவனார் பரம்பரைக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

நந்தன் கேட்ட லீவு

இன்னொரு உதாரணம். 19ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய "நந்தனார் சரித்திரம்" பாட்டுகள் இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. கதை என்ன? நந்தன் ஒரு பண்ணையாள். சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்துப் பயிர் வேலை முடிந்தால்தான் போகலாம் என்கிறார் ஆண்டை வேதியர். தோழர்களே, இது லீவு கேட்ட கதை! ஆலையில் நாம் சூபர்வைசரிடம் நின்று கேட்கிறோமே, அதே கேள்வி. கடைசியில் நந்தன் தீயில் மூழ்கித்தான் கோயிலுக்குள் போக முடிகிறது.

இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வரும் விமர்சகர் எதை எழுதுகிறார்? ராகம் உருக்கம், பாவம் பிரமாதம், சபை கண்ணீர் விட்டது. யாருக்காகக் கண்ணீர் விட்டது என்று எழுதுவதில்லை. 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். சென்னையில் கச்சேரிகள் நடக்கும் அதே மார்கழி மாதம். நந்தன் இறங்கிய தீ பழங்கதை அல்ல என்று அந்த இரவு காட்டியது. பாடியவர்மேல் நாம் குற்றம் சொல்லவில்லை. பாட்டுக்குள்ளே இருக்கிற பண்ணையாளைக் காணாமல் ராகத்தை மட்டும் கண்ட விமர்சனத்தின் கண்ணைத்தான் சொல்கிறோம்.

"கலையில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று சிலர் நமக்குப் புத்தி சொல்கிறார்கள். 2024ல் டி.எம்.கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி அறிவித்தபோது, அவர் பெரியாரைப் புகழ்ந்தவர் என்பதையும் குற்றமாகச் சொல்லி அகாடமி மாநாட்டைப் பகிஷ்கரித்தார்கள் சில கலைஞர்கள். அரசியலைக் கலந்தது யார் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு தப்பான வழிகள் உண்டு. ஒன்று, மேல்சாதிச் சங்கீதம், நமக்கு வேண்டாம் என்று ஒதுக்குவது. நம் நெல்லில் வளர்ந்து, நம் கையால் செய்த வாத்தியத்தில் ஒலிக்கும் ஒன்றை எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? மனிதகுலம் திரட்டிய அறிவுச் செல்வம் முழுவதையும் கற்றுத்தான் பாட்டாளிகளின் கலாசாரம் வளரும் என்று 1920ல் இளங்கம்யூனிஸ்டுகளிடம் பேசும்போது லெனின் விளக்கினார். இரண்டாவது தப்பு, பெரிய மனிதர் எழுதிவிட்டார் என்று வாய்பொத்தி ஏற்றுக்கொள்வது.

ராகமும் தாளமும் நமக்கு எட்டாத வித்தை அல்ல. ஏற்றம் இறைத்தவன் பாட்டில் தாளம் இருந்தது. நடவுப் பெண்கள் ஒரே சுருதியில் சேர்ந்து பாடுகிறார்கள். காவடிச் சிந்து தெருவிலிருந்துதான் மேடைக்குப் போயிற்று. தறியின் ஓசை ஒரு இம்மி பிசகினாலும் எங்கே இழை அறுந்தது என்று கண்டுபிடிக்கும் செவிக்கு, சுருதி விலகியதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் பழக்கம் வேண்டும்? 1938ல் சென்னை வானொலி நிலையம் வந்த பிறகு கச்சேரி டீக்கடைக்கும் வந்தது. இன்று கையில் இருக்கும் போனிலேயே கேட்கலாம். வாசல் முன்னைவிட அகலமாகத் திறந்திருக்கிறது.

ஆகவே இனிப் பத்திரிகையில் ஒரு கச்சேரி விமர்சனத்தைக் கண்டால் புரட்டிவிட்டுப் போகாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். யார் பெயர் வந்திருக்கிறது, யார் பெயர் விடுபட்டிருக்கிறது? பாட்டு என்ன சொல்கிறது என்று எழுதியிருக்கிறதா? கேட்கப் போகிறவனுக்கு வழிகாட்டுகிறதா, அல்லது தெரிந்தவர்களுக்குள் கைகுலுக்கலா?

கேட்பதோடு நிற்க வேண்டாம். உங்கள் ஊர்த் திருவிழாவில் நாதஸ்வரம் வாசித்தவரைப் பற்றி, சங்க ஆண்டு விழாவில் பறையடித்த குழுவைப் பற்றி, தெருக்கூத்து ஆடியவரைப் பற்றி எழுதுங்கள். எது நன்றாக இருந்தது, எது சோர்ந்தது, வாத்தியம் செய்தவர் யார், கலைஞருக்குக் கூலி ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று பத்து வரி போதும். நம்மவர் என்பதற்காகப் பொய்ப் புகழ்ச்சி வேண்டாம். மேடைக்காரர் என்பதற்காக வீண் ஏச்சும் வேண்டாம். கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். எழுத்துப் பிழை பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். செவி உங்களுடையதாக இருக்கட்டும்.

நெல் அளந்த மரக்கால் ஆண்டை கையில் இருந்தவரை அளவு எப்போதும் நமக்குக் குறைந்தே வந்தது. சங்கம் கட்டி மரக்காலைச் சரிபார்த்தோம். கலையை அளக்கும் மரக்காலையும் சரிபார்ப்போம், தோழர்களே!