ஜன்னலோர ஃபைட்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து அறைக்குத் திரும்பும் பையனின் ஜன்னலோரத்தில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே நீல நிறத்தில் ஒற்றை ஃபைட்டர் மீன், கொளத்தூரில் வாங்கியது. இந்த மீனைத் தாய்லாந்து 2019-இல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நம் கடைகளில் அது பிளாஸ்டிக் டம்ளரில் உட்கார்ந்திருக்கிறது.

டம்ளரிலும் பிழைக்கக் காரணம், அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். தலைக்குள் அதற்கென்றே ஓர் உறுப்பு உண்டு. மூச்சு காற்றில் சரி, கழிவு எங்கே போகும்? அதே அரை லிட்டர் தண்ணீரில்தான். செவுள் வழியே அமோனியா கலந்துகொண்டே இருக்கும். சில நாளில் துடுப்பின் ஓரம் கறுத்து, கந்தல் துணிபோலக் கிழியத் தொடங்கும். உடனே நாம் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம்.

நானும் ஓடியவன்தான். கல்லுப்பு, நீல மருந்து, வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரை, எல்லாம் ஒரே ராத்திரியில். விடிவதற்குள் மீன் மிதந்தது. அதைக் கொன்றது நோய் அல்ல.

முதல் வைத்தியம் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, தினமும் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறிவிட்டது. அங்கே போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு. கேன் தண்ணீர் நமக்கு நல்லது, ஆனால் மீனுக்கு வேண்டிய தாதுக்கள் அதில் மிகக் குறைவு. துடுப்பு அழுகலின் தொடக்கம் பல சமயம் சுத்தமான தண்ணீரிலேயே ஆறிவிடும்.

மார்கழிக் குளிரில் வருவது வெண்புள்ளி நோய். உடம்பெல்லாம் ரவை தூவியதுபோல இருக்கும். தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து எட்டாது; அது வெளியே வந்து, பெருகி, நீந்தும்போதுதான் சாகும். ஆகவே புள்ளி மறைந்த அன்றே நிறுத்தினால் நோய் திரும்பும். இன்னும் சில நாள் தொடருங்கள். தண்ணீரை மெல்ல மெல்ல 28 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒட்டுண்ணியின் சுற்று சீக்கிரம் முடியும். கல்லுப்பு லிட்டருக்கு ஒரு கிராம் போதும், தனியே கரைத்து ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கும். குறைந்த தண்ணீரை ஈடுகட்டும்போது மறுபடி உப்புப் போடாதீர்கள். மெத்திலீன் புளூ போடுவதானால் தனி டப்பாவில். தொட்டியில் ஊற்றினால் அமோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

வயிறு உப்பி ஒருக்களித்து மிதந்தால் இரண்டு நாள் பட்டினி போடுங்கள். மீனின் இரைப்பை ஏறக்குறைய அதன் கண்ணளவுதான். நாம் பிடி பிடியாகப் போடுகிறோம். செதில்கள் பலாக்காய்த் தோல்போலச் சிலிர்த்து நின்றால், ஒளிக்காமல் சொல்கிறேன், பிழைப்பது அரிது.

பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அடுத்த முறை மாத்திரை டப்பாவைத் திறக்குமுன், மீனின் படத்தையும் ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அங்கே ஒரு நடை போய்க் கேட்டுப் பாருங்கள்.