ஞானஸ்நான வைபவமும் விருந்தினரை அழைத்தலும்

(மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சமூகத்தில் இந்துக்களும் உளர், கிறிஸ்தவர்களும் உளர். ஒரே குடும்பத்தில் அண்ணன் கோவிலுக்கும் தம்பி தேவாலயத்திற்கும் செல்வதைக் காண்கின்றோம். ஆகையால் ஒரு வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் அஃது இரு திறத்தாருக்கும் உரிய காரியமாகின்றது. அதன் பொருட்டு அனுப்பப்படும் அழைப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகின்றேன்.

அவ்வழைப்பிதழ்களைச் சற்று உற்று நோக்குங்கள். ஆலயத்தின் பெயர் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் கிடக்கும். விருந்து மண்டபத்தின் பெயர் பெரிய எழுத்தில் விளங்கும். ஆராதனைக்கு வருவோர் வீட்டாரும் இரண்டொரு நெருங்கிய உறவினருமே. பந்திக்கோ இலை போதாது! இந்துக்களாகிய பந்துக்கள் பலர் தாங்கள் ஆலயத்துள் வரலாமோ என்று ஐயுற்று, நேரே மண்டபத்திற்குப் போய்க் காத்திருக்கின்றனர். வரலாம் என்று அவர்களுக்குச் சொல்வாருமில்லை.

விருந்தினரை இவ்வைபவத்திற்கு அழைப்பது எதற்காக? சாட்சிக்காக. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்னும் பெண்மணி அங்கே தாம் கண்டதை எழுதி வைத்திருக்கின்றார். ஞானஸ்நானம் பெற விரும்புவோரை அத்தியட்சர் தம்முன் நிறுத்தி, அவரவருடைய அயலாரை நோக்கி, இவர் நல்லொழுக்கமுடையவரா, பெற்றோரைக் கனம்பண்ணுகின்றவரா, குடியும் பொய்யும் உண்டா என்று விசாரிப்பாராம். குற்றமில்லையென்று கண்ட பின்னரே பெயரைத் தம் கையால் எழுதிக்கொள்வாராம். அக்காலத்தில் அண்டை வீட்டாரின் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு!

1662-ம் வருஷத்து ஆங்கிலத் திருச்சபையின் பொது ஜெப புஸ்தகமும் இதே கருத்துடையது. ஜனங்கள் மிகுதியாகக் கூடும் ஞாயிற்றுக்கிழமையிலோ பண்டிகை நாளிலோ ஞானஸ்நானம் கொடுப்பது உத்தமம் என்று அது விதிக்கின்றது. குழந்தை சபையிற் சேர்க்கப்பட்டதற்குக் கூடியிருப்போர் சாட்சிகளாவர்; தத்தம் பொருத்தனையையும் நினைவுகூர்வர். நோய் முதலிய அவசரத்தால் வீட்டிலேயே ஞானஸ்நானம் பெற்ற குழந்தை பிழைத்தால், அதையும் ஆலயத்திற்குக் கொண்டுவந்து சபையாருக்கு அறிவித்தல் வேண்டுமென்கின்றது. (அவசர காலத்தில் வேறு எவரும் இல்லையெனில், ஞானஸ்நானம் பெறாதவரும் தக்க நோக்கத்தோடு அதைக் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்க சபையின் சட்டம். நம் இந்து சகோதரர்கள் இதைக் கேட்டு வியப்படையக்கூடும்.)

இனிக் காலதாமதத்தைப் பற்றி. குழந்தை பிறந்தபின் முதலாவது அல்லது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் தள்ளிப் போடலாகாதென்று மேற்படி புஸ்தகம் எச்சரிக்கின்றது. 1983-ம் வருஷத்துக் கத்தோலிக்கச் சட்டம் முதற் சில வாரங்களுக்குள் என்கின்றது. நம்மவரோ விருந்துக்குப் பணம் சேரட்டும், அயலூர் மாமன் வரட்டும் என்று காத்திருக்க, குழந்தை நடந்தே தொட்டியண்டை போய்விடுகின்றது! ஏழைப் பெற்றோர் ஊராரின் வாய்க்கு அஞ்சிக் கடன்பட்டுப் பந்தி வைக்கின்றனர். அந்தப் பழைய முறைமையில் ஞானப்பெற்றோர் குழந்தையின் பேரால் விட்டொழிக்கும் காரியங்களுள் உலகத்தின் வீண் ஆடம்பரமும் ஒன்று. காலையில் அதனை விட்டொழித்துப் பகலில் வட்டிக்கு வாங்கி வருவதை என்னென்பது?

விருந்து வேண்டாமென்று நான் கூறவில்லை. காப்பியும் பலகாரமும் விருந்துதான். மொய் வாங்குவதில்லையென்று அழைப்பிலேயே அச்சிட்டுவிட்டால், வருவாருக்கும் பாரமில்லை. திருப்பிச் செய்யவேண்டிய கணக்கும் நமக்கில்லை.

மற்றொன்று. பெந்தெகொஸ்தே சபையாரும் பாப்டிஸ்டு சபையாரும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஆண்டவருக்குப் பிரதிஷ்டை மட்டும் செய்வர். விசுவாசத்தை அறிக்கை செய்யும் வயது வந்தபின் முழுக்கு. ஆகையால் எது நடைபெறுகின்றதோ அதன் பெயரையே அழைப்பில் எழுதுதல் வேண்டும்.

இந்து உறவினரை அழைக்கும்போது ஒருவர் நேரிற் சென்று, ஆராதனை இத்தனை மணிக்கு, ஆலயத்திற்கே வாருங்கள் என்று சொல்லட்டும். சபையார் எழும்போது எழுந்து, அமரும்போது அமர்ந்தாற் போதும். அன்று திருவிருந்து ஆராதனையும் சேர்ந்து நடக்குமானால், அப்பமும் ரசமும் பெற முன்செல்ல வேண்டுவதில்லை என்பதையும் முன்னமே தெரிவித்துவிடுங்கள். அறியாமல் எழுந்து போய், பின் வெட்கத்தோடு திரும்புகிறவர் மறுமுறை நம் வீட்டுக் காரியத்திற்கு வருவாரா?

முக்கியமாகத் தாய்மாமன் விஷயம். அவர் இந்துவாயிருப்பின் ஞானத்தகப்பனாக நிற்றல் இயலாது. ஞானஸ்நானம் பெற்றவரே அந்த ஸ்தானத்திற்கு உரியவர். இதை முன்கூட்டிச் சொல்லாமையால் எத்தனை வீடுகளில் மனஸ்தாபம்! வேறொருவர் குழந்தையை ஏந்தி நிற்க, அரைஞாணும் காப்பும் வாங்கி வந்த மாமன் வாசலண்டை நிற்கின்றார். அவரை ஒரு வாரத்திற்கு முன்பே கண்டு காரணத்தை விளக்குங்கள். அன்று காலையில் அவரை அழைத்துச் சென்று தொட்டிக்கு அருகே முதல் வரிசையில் உட்காரவையுங்கள். ஆராதனை முடிந்தவுடன் குழந்தையை முதன்முதல் அவர் கையில் கொடுங்கள். அரைஞாணை அவரே கட்டட்டும்.