49-ஆவது மணி நேரம்



எனக்குக் கொடுத்த தலைப்பு 'சாலைப் பாதுகாப்பும் நம் கடமையும்'. எனக்கு முன்னால் பேசியவர்கள் ஹெல்மெட் போடுங்கள் என்றார்கள், செல்போன் பேசிக்கொண்டு ஓட்டாதீர்கள் என்றார்கள். அத்தனையும் சரி. நான் அதற்கு அடுத்ததைப் பேச வந்திருக்கிறேன். விபத்தில் செத்தவனுக்கு மாலை போட்டோம், போஸ்டர் ஒட்டினோம், பதினாறாம் நாள் சாப்பிட்டுவிட்டு வந்தோம். சாகாமல் வீடு திரும்பினானே ஒருவன், அவனுக்கு என்ன செய்தோம்?

கை தட்ட வேண்டாம், இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை.

2022-இல் இந்தியாவிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையது. 64 ஆயிரத்துக்கு மேல். நாடு முழுக்கச் செத்தவர்கள் மட்டும் ஒரு லட்சத்து 68 ஆயிரம் பேர். செத்தவர்களை எண்ணிவிட்டோம். தலையில் அடிபட்டு, ஆபரேஷன் முடிந்து, மண்டை எலும்பை எடுத்து வயிற்றுக்குள் வைத்துத் தைத்து, கழுத்தில் ஒரு ட்யூப், மூக்கில் ஒரு ட்யூப் என்று வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்? எந்த அலுவலகத்தில் கேட்டாலும் நமக்குப் பதில் கிடைக்காது. எண்ணாத மனிதனுக்குத் திட்டம் எப்படி வரும்?

நான் நன்றி கெட்டவன் இல்லை. 2008-இல் 108 வண்டி வந்தது, அதனால் எத்தனை தாலி தப்பியது என்று இந்த ஊருக்குத் தெரியும். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' தொடங்கினார்கள். விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கு அரசு செலவில் சிகிச்சை. யார், எந்த ஊர், கையில் காசு இருக்கிறதா என்று கேட்கக்கூடாது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் 49-ஆவது மணி நேரம் ஒன்று இருக்கிறதே, அய்யா! அந்த மணி நேரத்தில் அந்தக் குடும்பம் யார் கையைப் பிடிக்கும்?

எனக்கு ஒரு அம்மாவைத் தெரியும். ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறவர். பேரைச் சொல்லட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார், அதனால் சொல்லமாட்டேன். வீட்டுக்காரர் கொத்தனார். ராத்திரி வேலை முடிந்து வரும்போது பைக்கில் ஒரு லாரி உரசிவிட்டுப் போய்விட்டது. டாக்டர்கள் போராடிக் காப்பாற்றினார்கள், அவர்களுக்குக் கோடி கும்பிடு. ஒன்றரை மாதம் கழித்து, "இனி வீட்ல வச்சுப் பாத்துக்கோங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப் புண் வரும் என்பதைப் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

ஆறு மாதத்தில் மனிதர் எழுந்து நடந்துவிட்டார். ஊரே ஆஹா என்றது. ஆனால் நடந்தவர் பழைய ஆள் இல்லை. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில்லை. குழம்பு கருகினால் வாசம் தெரியவில்லை. சும்மா கூப்பிட்டால் பாய்ந்து அடிக்க வருகிறார். பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. "திமிரு புடிச்சிட்டு", "பேய் புடிச்சிட்டு" என்றார்கள் சொந்தக்காரர்கள். கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிதான் கோபத்துக்குக் கடிவாளம் போடுகிறது, அங்கே அடிபட்டால் கடிவாளம் அறுந்துபோகும் என்று எடுத்துச் சொல்ல அந்தக் குடும்பத்துக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "எம் புருசன் செத்திருந்தா ஊரே வந்திருக்கும்யா. பொழச்சிட்டாரு, அதான் ஒருத்தரும் வரல."

அதைக் கேட்டதிலிருந்து நான் எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் பேசுகிறேன். என்னை இனிக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை.

நூலக வாசகர் வட்டத்தின் இலக்கியக் கூட்டம் என்பதால் ஒரு கதை சொல்கிறேன், ஆனால் உண்மையில் நடந்தது. 1848-இல் அமெரிக்காவில், வெர்மான்ட் என்ற இடத்தில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கிறார்கள். ஃபினியஸ் கேஜ் என்று ஒரு மேஸ்திரி, 25 வயது. வெடிமருந்தை இரும்புக் கம்பியால் குத்தி இறுக்கும்போது வெடித்துவிட்டது. மூன்றரை அடிக் கம்பி, ஆறு கிலோ எடை, கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போய் விழுந்தது. ஆள் சாகவில்லை! சில மாதத்தில் எழுந்து நடந்தார். ஆனால் குணம் மாறிவிட்டது, வாயைத் திறந்தால் வசவு, பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரியில் இந்தக் கதை சொல்கிறார்கள். எதுவரைக்கும் சொல்கிறார்கள்? குணம் கெட்டுப்போனதுவரைக்கும். அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மீதியை நான் சொல்கிறேன். அதே மனிதர் சிலி நாட்டுக்குப் போனார். அங்கே குதிரை வண்டி ஓட்டினார். ஒரு குதிரை இல்லை, ஆறு குதிரை பூட்டிய பயணிகள் வண்டி! ஏழு வருஷம் அந்த நாட்டில் இருந்தார். மூளையில் கம்பி துளைத்த ஒரு மனிதன் ஆறு கடிவாளத்தைக் கையில் பிடித்து மலைப்பாதையில் ஜனங்களை ஏற்றிப் போயிருக்கிறான். எப்படி முடிந்தது? தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கணும், குதிரைக்குத் தீனி வைக்கணும், ஒரே பாதையில் போகணும், பயணிகளிடம் பணிவாகப் பேசணும். இந்த ஒழுங்குதான் அவரை மீட்டது என்று பின்னாளில் அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கடைசியில் 1860-இல் வலிப்பு வந்துதான் இறந்தார். தாய்மார்களே, குறித்துக்கொள்ளுங்கள், தலையில் அடிபட்டவருக்கு வலிப்பு பல மாதம் கழித்தும் வரலாம். டாக்டர் எழுதின வலிப்பு மாத்திரையை "இப்பதான் நல்லாருக்காரே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போது நம் ஆலங்குளத்து அம்மாவிடம் வாருங்கள். அவர் சிலிக்குப் போகவில்லை, ஃபினியஸ் கேஜ் பேரைக் கேட்டதில்லை. தினமும் காலை பத்து மணிக்குப் புருசனைத் திண்ணையில் உட்காரவைத்தார். சுற்றி முடித்த பீடியைத் தட்டில் கொட்டி, "எண்ணிக் கட்டுங்க, கட்டுக்கு இருவத்தஞ்சு" என்றார். முதல் நாள் அவரால் ஏழுக்கு மேல் போகமுடியவில்லை, தட்டையே தூக்கி எறிந்துவிட்டார். அந்த அம்மா திட்டவில்லை. பொறுக்கி எடுத்துவைத்துவிட்டு, "நாளைக்குப் பாப்போம்" என்றார். சுவரில் சாக்பீஸால் எழுதினார்: இன்று செவ்வாய், மாத்திரை போட்டாச்சு, மகள் சாயங்காலம் வருவாள். அவர் கேட்கும்போதெல்லாம் சுவரைக் கைகாட்டினார். ஒரு வருஷத்தில் அந்த மனிதர் இருபத்தைந்து எண்ணிக் கட்டுகிறார். அதையெல்லாம் பெரிய நகரத்தில் பயிற்சி பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்கிறார்கள். படிக்காத ஒரு தாய் தன் புத்தியால் கண்டுபிடித்திருக்கிறார். இப்போது தட்டுங்கள், அந்த அம்மாவுக்காகத் தட்டுங்கள்!

ஆனால் நான் கேட்கிறேன், அவர் ஏன் தனியாகக் கண்டுபிடிக்கணும்? நம் நாட்டில் அறிவு இல்லையா? நரம்பு அறுவை சிகிச்சைக்கு 1949-இலேயே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி துறை தொடங்கிவிட்டார். மறு வருஷமே சென்னைப் பெரியாஸ்பத்திரியில் சீர்காழிக்காரர் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைக்கு ஆபரேஷன் செய்தவர். 1966-இல் அவர் முயற்சியில் அங்கே மறுவாழ்வு மையம் வந்தது. அவ்வளவு தூரம் ஏன், தென்காசி பக்கத்து ஆய்க்குடி! அமர் சேவா சங்கம், 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கினது. நம் எழுத்தாளர் இல்லை, இவர் வேறு. கடற்படைக்கு ஆள் எடுக்கும் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். தனக்குச் சிகிச்சை செய்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பேரைச் சங்கத்துக்கு வைத்தார். அடிபட்டவர்களே கட்டினதுதான் இந்த நாட்டின் மறுவாழ்வு. அடிபடாத நாம் என்ன கட்டினோம்?

இதைச் சொல்லும்போது ஒருவர் ஞாபகம் வருகிறது. பேர் வேண்டாம். ஆம்புலன்ஸுக்குக் கொடி அசைக்க முதல் ஆளாக வருகிறவர். அவரிடம் மாவட்டத்துக்கு ஒரு தலைக்காய மறுவாழ்வு மையம் கேட்டுப் போனோம். "இதுல எத்தன பேரு இருப்பாங்க?" என்றார். எத்தனை ஓட்டு என்று கேட்கிறார்! அய்யா, நான் கணக்குச் சொல்கிறேன். ஒருவன் தலையில் அடிபட்டால் மனைவி வேலையை விடுகிறாள். அம்மா நகையை விற்கிறாள். மகள் காலேஜை நிறுத்துகிறாள். தம்பி கடன்காரன் ஆகிறான். ஒரு தலைக்காயம் ஒரு வீட்டையே படுக்கவைக்கிறது. அந்த வீட்டில் எல்லாருக்கும் ஓட்டு இருக்கிறது, நினைவும் இருக்கிறது! கொடி அசைத்த கையை நாங்கள் மறக்கவில்லை, அந்த வண்டியில் போனவன் வீட்டுக்கு நீங்கள் வராததையும் மறக்கமாட்டோம்!

இருங்கள், இருங்கள். கோபத்தில் முக்கியமானது விட்டுப்போகும்.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை பாதிப்பை ஏற்கிறது. அதில் மூளைக்காயம் என்று தனி வகை கிடையாது. கால் இழுத்தால் இயக்கக் குறைபாடு, பேச்சு போனால் பேச்சுக் குறைபாடு. கையும் காலும் நன்றாக இருக்கிறது, ஞாபகமும் நிதானமும்தான் போய்விட்டது என்றால் சான்றிதழ் முகாமில் இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு அனுப்புகிறார்கள். நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு என்று ஒரு தலைப்பு இருக்கிறது, அதைச் சொல்லிக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

விபத்து வழக்கு போட்டவர்கள் இதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். வடக்கே ஒரு சிறுமி, 12 வயது, விபத்தில் மூளை பாதித்துவிட்டது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவளைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு, அதற்கு மட்டும் 21 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 62 லட்சத்துக்கு மேல். ஆலங்குளத்து அம்மா அந்த இரண்டு ஆளாகவும் ஒரே ஆளாக நிற்கிறார். அவர் உழைப்புக்கு யார் விலை போட்டார்கள்?

அவமானத்தையும் சொல்லவேண்டும். ஒரு நாள் அந்தக் கொத்தனார் கடைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. தள்ளாடி நடந்ததைப் பார்த்து போலீஸ்காரர்கள் ரோட்டில் நிறுத்தி, "ஊது" என்றிருக்கிறார்கள். ஊதினார், ஒன்றும் இல்லை. அப்படியும் நம்பவில்லை, பேச்சு குழறுதே என்று உட்காரவைத்துவிட்டார்கள். மனைவி ஆபரேஷன் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கூட்டிவந்தார். இங்கிலாந்தில் ஹெட்வே என்று ஒரு அமைப்பு, 1979-இலிருந்து மூளைக்காயம் பட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் துணையாக இருக்கிறது. 2017-இல் அவர்கள் ஒரு அடையாள அட்டை கொண்டுவந்தார்கள். இவருக்கு மூளைக்காயம், பேச்சு குழறும், மறதி இருக்கும், உதவுங்கள் என்று அட்டை சொல்லிவிடும். ஓர் அட்டை! அதை அடிக்க எத்தனை கோடி வேண்டும்? நம் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் கையெழுத்துப் போட்டால் ஒரு மாதத்தில் கொடுத்துவிடலாம்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், கிராமத்துக்கு அது பெரிய காரியம். கை கால் பயிற்சியோடு பேச்சுப் பயிற்சியும் ஞாபகப் பயிற்சியும் அதில் சேரட்டும் என்கிறேன். டிஸ்சார்ஜ் பண்ணும் நாளில் அரை மணி நேரம் குடும்பத்தை உட்காரவைத்து, என்னென்ன மாறும், யாரைப் பார்க்கணும் என்று தமிழில் சொல்லி, எழுதியும் கொடுக்கட்டும். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் தலைக்காயத்துக்கென்றே ஒரு பகல்நேர மையம் நடக்கட்டும். இவ்வளவுதான் கேட்கிறோம்.

நூலகர் அய்யாவிடம் பேசிவிட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு இந்த அறையைத் தருகிறேன் என்றிருக்கிறார். தலைக்காயம் பட்டவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் வாருங்கள். ஆலங்குளத்து அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார், சாக்பீஸ் எழுத்தையும் பீடித்தட்டையும் அவரே சொல்லித்தருவார். மனு தயாராக இருக்கிறது, வாசலில் தம்பி வைத்திருக்கிறான், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸில் சேர்ந்து கொடுக்கிறோம். வீட்டில் பாதிக்கப்பட்டவர் இருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டு ஜெராக்ஸ் ஒன்று கையில் கொண்டுவாருங்கள். பஸ்ஸுக்குக் காசில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், நான் வந்து கூட்டிப்போகிறேன்.